வெட்டி, ஊழியம், தன்னார்வம்: போடி மலைச்சரிவில் காடு காக்கும் உடல்கள்

"சம்பளமில்லாமப் போற வேலைக்குப் பேரு வெட்டி வேலைடி" என்றாள் அம்மா. சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில், போடிமெட்டுச் சாலையோரம் உன்னிச்செடி வெட்டவும் பிளாஸ்டிக் பொறுக்கவும் வெளியூர்ச் சூழலியல் குழு ஒன்றோடு நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். கையுறை, தொப்பி, குழுவின் பெயர் போட்ட பனியன். அம்மா முப்பது வருடத்துக்குமேல் இதே சாலையில் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போய் வந்தவள். பத்துப் பேர் உட்காரும் ஜீப்பில் இருபது பேர், மடியில் தூக்குச்சட்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். களை எடுப்பது, காய் எடுப்பது, கவாத்து செய்து விழுந்த கொப்புகளை இழுத்துப் போடுவது அவள் வேலை. அன்று நான் செய்யப் போனதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். அவளுக்கு நாள்கூலி, எனக்குச் சான்றிதழ்.

"இது வேலை இல்லம்மா, தன்னார்வம்" என்றேன். அந்தப் பதிலின் அசட்டுத்தனம் மூன்றாவது வளைவு தாண்டுவதற்குள் எனக்கே உறைத்துவிட்டது. இயற்கைப் பாதுகாப்பில் 'தன்னார்வலர்' என்ற உருவம் எங்கிருந்து வந்தது, இந்தச் சரிவுகளில் அதே வேலையை அதற்கு முன் யார் எந்தப் பெயரில் செய்தார்கள் என்ற கேள்வி அப்போது பிடித்துக்கொண்டதுதான்.

அம்மாவின் சொல்லிலிருந்தே தொடங்கலாம். அவள் அலட்சியமாக வீசிய 'வெட்டி'க்கு ஆயிரம் வருடத்துக்குக் குறையாத வயது. சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் வரிச்சொற்களில் அது ஒன்று. நெல்லாகவோ காசாகவோ அல்லாமல் உடலாகக் கட்டும் வரி, அதாவது கூலியற்ற உழைப்பு. 'அமஞ்சி' என்றும் ஒரு சொல் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் அதன் பெயர் 'ஊழியம்'. ஒடுக்கப்பட்ட சாதிகளிடமிருந்து அரசும் கோயிலும் உரிமையாகப் பறித்துக்கொண்ட உழைப்பு அது. அதே 'ஊழியம்' இன்று தேவாலயத்தில் புனிதமான சொல். 'வெட்டி'யோ தெருவில் வசைச்சொல். சொற்களுக்கும் சாதி உண்டு, அவற்றிலும் சில மேலேறிப் போகின்றன, சில கீழேயே கிடக்கின்றன.

காலனிய ஆட்சி இதைச் சட்டமாக்கியது. ஏரி, கால்வாய்க் கரைகள் உடையும்போது ஊரார் வந்து உழைக்க வேண்டும் என்று சென்னை மாகாணத்தில் 1858இல் வந்த சட்டத்தின் பெயரிலேயே 'கட்டாய உழைப்பு' என்று பச்சையாக இருக்கிறது. மக்கள் வழக்கில் அதைக் குடிமராமத்துச் சட்டம் என்றார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பதுபோலத் தாமாக முன்வந்து குளம் வெட்டினார்கள் என்ற பொற்காலச் சித்திரத்தை டேவிட் மாஸ் 2003இல் வெளிவந்த நூலில் கேள்விக்குட்படுத்தினார். செலவைக் கிராமத்தின் தலையில் கட்டுவதற்காகக் காலனிய நிர்வாகம் 'மரபு' ஒன்றைச் செய்துகொண்டது என்பது அவர் வாதம். மரபு முழுக்கவும் கற்பிதம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மரபில் மண் சுமந்தவர் யார், கரைமேல் குடைபிடித்து நின்றவர் யார் என்ற கேள்வியைக் கேட்காமல் 2017இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் தொடங்கியபோது நம் சூழலியல் நண்பர்கள் பலரும் புல்லரித்துப் போனார்கள் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

காட்டுக்கு வருவோம். 1882ஆம் ஆண்டின் மெட்ராஸ் வனச் சட்டம் காட்டைக் 'காப்புக்காடு' ஆக்கியது. விறகு, தேன், மேய்ச்சல் எல்லாம் உரிமை என்ற நிலையிலிருந்து சலுகை என்ற நிலைக்கு இறங்கின. அந்தச் சலுகையை அனுபவிப்பவர் காட்டில் தீப்பிடித்தால் வந்து அணைக்கக் கடமைப்பட்டவர் என்றும் சட்டம் சொன்னது. 1927 இந்திய வனச் சட்டத்தின் 79ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. உதவ மறுப்பது குற்றம். ஆக, காட்டுத்தீயை அணைக்கும் உள்ளூர் உடல் சட்டத்தின் பார்வையில் ஒருபோதும் தன்னார்வ உடல் அல்ல, கடன்பட்ட உடல். அதே தீயை அணைக்க நகரத்திலிருந்து ஒருவர் வந்தால் அவர் தன்னார்வலர். ஒரே நெருப்பு, ஒரே பச்சைக்கொப்பு, இரண்டு பெயர்கள்.

தமிழ் படித்தவள் என்பதால் ஓர் இடைக்குறிப்பு. 'காவல்' என்ற சொல்லை நாம் முதலில் சந்திக்கும் மலைக்காட்சி புனங்காவல். குறிஞ்சிப் பாடல்களின் இளம்பெண்கள் தட்டை, குளிர், தழல் என்ற கருவிகளோடு பரண்மேல் இருந்து தினைப்புனத்தைக் கிளிகளிடமிருந்து காக்கிறார்கள். பகல் முழுவதும் வெயிலில் செய்யும் உழைப்பு அது. நம் உரைகாரர்களும் பேராசிரியர்களும் அதை எப்படி வாசித்தார்கள்? தலைவன் வந்து சந்திக்க வாய்ப்பான இடம் என்று. உரிப்பொருளின் வெளிச்சத்தில் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போனது. கருப்பொருள் பட்டியலில் தினை காத்தல், தேன் அழித்தல், கிழங்கு அகழ்தல் என்று ஒரு வரியில் அதை முடித்துக்கொண்டோம். முதுகலை வகுப்பில் இரண்டு வருடம் குறிஞ்சி படித்த எனக்கு, புனங்காவலுக்கும் அம்மா வேலை பார்த்த தோட்டத்துக்கும் ஒரு தொடர்பு தோன்றவே இல்லை.

ஏலமலையின் வரலாறு விசித்திரமானது. காட்டை அழித்தால் ஏலம் இல்லை, நிழல் வேண்டும். ஆகவே பெருமரங்களை விட்டுவைத்து அடியில் பயிரிடும் முறை. 1822இல் ராணி கௌரி பார்வதி பாய் ஆட்சிக்காலத்தில் திருவிதாங்கூர் அரசு ஏலச் சாகுபடியை ஊக்குவித்தது. விளைச்சல் அரசின் ஏகபோகமாக இருந்தது. பயிரிட்டவர்களில் பெரும்பகுதியினர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடியிலிருந்தும் ஏறிப்போன தமிழர்கள். மண் அரசுடையது, மரம் அரசுடையது, காயையும் அரசே எடுத்துக்கொள்ளும். உழைப்பும் யானை பயமும் மட்டும் இவர்களுடையது. போடி ஜமீன் ஊராக இருந்த நிலையிலிருந்து சந்தை ஊராக வளர்ந்தது இந்த மலையால்தான். ஏலக்காய் ஏலம் இன்றும் இங்கே நடக்கிறது.

இதில் ஒரு பாடபேதம் உண்டு. 1897இல் ஏலமலைக் காப்புக்காடு அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 15,720 ஏக்கர் என்பது கேரள அரசின் வாசிப்பு. 2,15,720 ஏக்கர் என்பது வழக்குத் தொடுத்த சூழலியலாளர்களின் வாசிப்பு. ஒரு '2' இருந்ததா இல்லையா என்பதில் இரண்டு லட்சம் ஏக்கர் தொங்குகிறது. சுவடிப் பதிப்பில் ஓர் எழுத்துக்காக உ.வே.சா. பட்ட பாட்டைப் படித்து வியந்தவர்கள் இங்கே வந்து பார்க்கலாம், எழுத்துக்காக ஒரு மலையே காத்திருக்கிறது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கே புதிய பட்டாக்கள் வழங்கத் தடை விதித்தது. காடா தோட்டமா என்று தீர்மானிக்கப்படாத நிலத்தில், மரத்தின் கிளையை வெட்டுபவள் தொழிலாளியா குற்றவாளியா என்பதும் தீர்மானிக்கப்படாமலே இருக்கும்.

'விருப்பத்தின் பேரில் காடு காத்தவர்கள்' என்று வரலாறு பெயரிட்டு மதிக்கும் முதல் கூட்டம் இந்த மலையில் யார்? துரைமார். 1877இல் ஜே.டி. மன்றோ பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். கண்ணன், தேவன் என்ற இரண்டு முதுவர் தலைவர்களின் பெயர்தான் மலைக்கும் பிறகு கம்பெனிக்கும் தேயிலைப் பொட்டலத்துக்கும் வந்தது என்று சொல்வார்கள். இரவிகுளம், ராஜமலைப் புல்வெளிகள் தேயிலைக்கு உதவாத உயரம். ஆகவே அவை வேட்டைக்கு ஒதுக்கப்பட்டன. 1928இல் தோட்டத் துரைமார்கள் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். யார் எத்தனை வரையாடு சுடலாம் என்று விதி வகுப்பதும் களவு வேட்டையைத் தடுப்பதும் அதன் வேலை. பொறுப்பாளர்கள் ஓய்வு நேரத்தில் ஊதியமில்லாமல் இதைச் செய்த கனவான்கள். இன்றைய நோக்கில் தன்னார்வலர்கள்.

ஆனால் பனியில் மலை மலையாக நடந்து கண்ணி தேடியவர்கள் முதுவர்கள். காவலாட்களாகச் சங்கம் அவர்களை வைத்துக்கொண்டது. புல்வெளியைக் கோடைத் தொடக்கத்தில் பகுதி பகுதியாக எரித்து, பின்னால் பெருந்தீ வராமலும் வரையாட்டுக்கு இளம்புல் கிடைக்கும்படியும் பார்த்துக்கொண்ட அறிவும் கையும் அவர்களுடையவை. 1971இல் கேரள அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா. வரையாடுகள் இன்று அதிகமாக வாழும் இடம் அது. சங்கம் பெயர் மாறி ஆலோசனை அமைப்பாக நீடிக்கிறது. வரையாடு பிழைத்ததற்கான நன்றியை நாம் யாருக்குச் செலுத்துகிறோம் என்பதைப் பூங்கா பற்றிய எந்தக் கட்டுரையையும் எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். துரைமார்களுக்குத் தனித்தனிப் பெயர் இருக்கும். முதுவர்களுக்கு 'முதுவர்கள்' என்பதே பெயர்.

(துரைமார் வில்லன்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் அந்தப் புல்வெளியிலும் யூக்கலிப்டஸ் நின்றிருக்கலாம். இ.பி. தாம்ப்சன் 1723இன் கறுப்புச் சட்டம் பற்றி எழுதியபோது காட்டிய அதே சிக்கல்தான்: மானைக் காத்த சட்டம் மனிதனைத் தூக்கிலிட்டது, மானும் பிழைத்தது.)

இங்கிலாந்தில் இது வேறு திசையில் போனது. 1959இல் அங்கே பாதுகாப்புப் படை என்ற இளைஞர் அமைப்பு தொடங்கி, சர்ரே மாவட்டத்துப் பாக்ஸ் ஹில்லில் புதர் வெட்டும் வேலையோடு முதல் முகாமை நடத்தியது. வார இறுதியில் அரிவாளும் மண்வெட்டியுமாகக் காப்பிடங்களுக்குப் போகும் நடுத்தர வர்க்க வழக்கம் அங்கிருந்து பரவி, நமக்கும் பனியனோடு வந்து சேர்ந்தது. வாரம் ஐந்து நாள் மேசையில் உட்காருபவருக்கு ஆறாம் நாள் மண்வெட்டி விடுதலை தரும். வாரம் ஆறு நாளும் மண்வெட்டி பிடிப்பவருக்கு ஏழாம் நாள் என்ன தருவது என்று அந்த மாதிரி யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய சமூகம் அல்ல அது.

நம் பக்கத்தில் 1987 நவம்பர் முதல் 1988 பிப்ரவரிவரை நடந்த மேற்குத்தொடர்ச்சி மலை காப்போம் நடைபயணம் வேறு வகைத் தன்னார்வம். தெற்கே கன்னியாகுமரியிலிருந்தும் வடக்கே நவாப்பூரிலிருந்தும் கிளம்பி கோவாவில் சந்தித்தார்கள். 1989இல் குறிஞ்சியைக் காக்கக் கோடைக்கானலிலிருந்து மூணாறுக்கு நடந்தார்கள். 2006இல் வட்டவடை, கொட்டகம்பூர்ப் பகுதியில் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதில் அந்த நடைக்குப் பங்குண்டு. இவர்கள் செடி வெட்டவில்லை, நடந்தார்கள், பேசினார்கள், அரசைக் கேட்டார்கள். அரசியல் அதில் இருந்தது. தொண்டு நிறுவனங்களை ஏகாதிபத்திய உத்தியின் கூறு என்று பிரகாஷ் காரத் 1984இல் எழுதியதன் நிழலில் இடதுசாரிகள் அன்று இந்த முயற்சிகளைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். சந்தேகம் தேவையாகத்தான் இருந்தது. ஆனால் சந்தேகப்பட்டவர்கள் காட்டில் கூலிக்கு நின்றவர்களைச் சங்கமாக்கினார்களா என்றால், தேயிலையில் ஆக்கினார்கள், வனத்துறையின் தினக்கூலிகளிடம் பெரும்பாலும் போகவில்லை.

1990இல் மத்திய அரசு கூட்டு வன மேலாண்மைச் சுற்றறிக்கையை வெளியிட்டது. 1997இல் ஜப்பானியக் கடனில் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கி ஊருக்கு ஊர் கிராம வனக்குழு முளைத்தது. 'பங்கேற்பு' என்ற சொல் அப்போதுதான் அரசாணை மொழிக்குள் நுழைந்தது. பழைய 'கடமைப்பட்டவர்' இப்போது 'பங்கேற்பாளர்'. சட்டத்தின் கட்டளையைத் தன் விருப்பமாகவே உணரும் மனிதரை உருவாக்குவதுதான் நவீன அதிகாரத்தின் திறமை என்ற ஃபூக்கோவின் பார்வையை இங்கே பொருத்திவிட்டுக் கட்டுரையை முடித்துவிடலாம். பத்து வருடம் முன்பு நான் அப்படித்தான் முடித்திருப்பேன். குமுளிப் பெண்கள் அதற்கு இடம் தரவில்லை.

பெரியாறு புலிகள் காப்பகத்தில் 1996 முதல் 2004 வரை உலகவங்கி உதவியோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. காட்டில் வயணாப்பட்டை திருடி வாழ்ந்த 23 பேர் 1998இல் ஒரு குழுவாக்கப்பட்டுக் காட்டைக் காக்கவும் பயணிகளுக்கு வழிகாட்டவும் தொடங்கினார்கள். திருடியவருக்குத்தான் காட்டின் ஒவ்வொரு ஊடுபாதையும் தெரியும் என்ற எளிய உண்மையை வனத்துறை ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். அவர்களுக்கு வருமானம் வந்தது. பிறகு 2002இல் 'வசந்த சேனை' வந்தது. இத்தகைய குழுக் குடும்பங்களைச் சேர்ந்த ஏறக்குறைய நூறு பெண்கள், நாளுக்கு ஆறு பேர் என்று முறைவைத்து, காட்டின் விளிம்பில் ரோந்து போனார்கள். சந்தனமரம் திருட வருபவரைத் தடுத்தார்கள். கூலி கிடையாது.

முதலில் எனக்குத் தோன்றியது இதுதான்: ஆணுக்கு ஊதியம், பெண்ணுக்குச் சேவை, வீட்டு வேலையின் நீட்சியாகக் காட்டு வேலை. இதில் பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. விறகுக்காகக் காட்டுக்குள் போனால் திருடி என்று விரட்டப்பட்ட பெண், இப்போது காவலுக்காக அதே காட்டுக்குள் போகிறாள், சீருடைக்காரன் அவளிடம் வணக்கம் சொல்கிறான். சமையலும் கூலியும் இல்லாத ஒரு பகல், ஐந்து பெண்களோடு பேசிக்கொண்டே நடக்கும் பகல், மாதத்தில் ஓரிரு முறை அவளுக்குக் கிடைக்கிறது. அந்தப் பகலுக்கு விலை இல்லையா? காட்டின்மேல் உரிமை கொண்டாட அந்த நடையே ஆதாரமாகிறது. 'வெட்டி' என்று அம்மா சொன்ன பொருளில் இது வெட்டி அல்ல. வெட்டியில் மறுக்க முடியாது. இங்கே வராமலிருக்க முடியும். இந்த ஒரு வித்தியாசத்தைத் தாண்டி என் கோட்பாட்டால் போக முடியவில்லை. ஆனாலும் வராமலிருக்க முடியும் என்பதும் வீட்டில் அடுப்பு எரியும்வரைதானே என்ற கேள்வி போகவில்லை.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் புல்வெளித் தீயில் சிக்கினர். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்தவர்கள். பெண்கள் கணிசமாக இருந்தார்கள். 23 பேர் இறந்தார்கள். காய்ந்த ஆளுயரப் புல்லில் காற்றோடு சேர்ந்த தீ சரிவில் மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடாகாது. இது இந்த மலையில் மாடு மேய்க்கும் பையனுக்குத் தெரியும், வந்தவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஹெலிகாப்டர்கள் வந்தன, கமாண்டோக்கள் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் மேலே ஏறியவர்கள் குரங்கணி, கொட்டக்குடி ஊர்க்காரர்களும் மலைவாழ் மக்களும் தோட்டத் தொழிலாளிகளும். இருட்டில் கருகிய சரிவில் கால் வைத்து, உயிர் இருந்தவர்களைச் சுமந்து இறக்கினார்கள். அந்தப் பாதை அவர்களுக்கு இருட்டிலும் தெரியும். ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவழியாகக் கொட்டக்குடிக்கு இறங்கின. 1924 வெள்ளம் மேலே இருந்த ரயிலைக் கொண்டுபோன பிறகும் இந்த ஊர்களின் முதுகு சும்மா இருந்ததில்லை. அன்றிரவு சுமந்தவர்களைச் செய்திகள் 'உள்ளூர் மக்கள்' என்றன. தன்னார்வலர் என்ற சொல்லை அவர்களுக்கு யாரும் செலவழித்ததாக நினைவில்லை. சட்டப்படி அவர்கள் கடமைப்பட்டவர்கள், அல்லவா?

அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024இல் அரசே நாற்பது பாதைகளைத் திறந்து உள்ளூர் ஆட்களை வழிகாட்டிகளாக்கியது. நல்லது. அதற்கிடையில் ஒவ்வொரு கோடையிலும் தீத்தடுப்புக் கோடு வெட்டவும் தீக்காவலுக்கும் தற்காலிக ஆட்கள் எடுக்கப்படுகிறார்கள். மழை பெய்ததும் அவர்கள் வேலை முடிந்துவிடும். தீ அணைந்தால் வேலை போகும் ஆளிடம்தான் தீயைத் தடுக்கச் சொல்கிறோம்.

முதலில் சொன்ன ஞாயிற்றுக்கிழமையை முடித்துவிடுகிறேன். மதியம்வரை நாங்கள் உன்னிச்செடியை இடுப்புயரத்தில் வெட்டித் தள்ளினோம். வெட்டியதை இழுத்து ஓரம் போட ஊரிலிருந்து நாலு பெண்கள் கூலிக்கு வந்திருந்தார்கள். நாங்கள் பத்துச் செடி வெட்டுவதற்குள் அவர்கள் இருபது செடியை இழுத்துவிட்டு, எங்களுக்காகக் காத்திருந்தார்கள். கடைசியில் குழுப்படம். அந்தப் பெண்கள் தாங்களாகவே விலகி நின்றார்கள், யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. அதில் ஒருத்தி அம்மாவோடு ஒரே ஜீப்பில் போய் வந்தவள், "நீ அவ மகதானே" என்று காலையிலேயே கேட்டிருந்தாள்.

வனத்துறையில் தினக்கூலியாக இருந்த பெரியவர் ஒருவர் நாங்கள் வெட்டிய அழகைப் பார்த்துவிட்டு, "இப்படி வெட்டுனா மழைக்கு ரெண்டா தழைக்கும்மா. மண்ணுக்குள்ள வேர்க்கழுத்தை அறுத்து, தூரைத் தலைகீழாக் கவுத்துப் போடணும்" என்றார். உன்னிச்செடியை ஒழிக்க டில்லிப் பல்கலைக்கழகத்து சி.ஆர். பாபு வகுத்த முறையும் இதேதான் என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அடுத்த வருடம் போய்ப் பார்த்தபோது செடி இரண்டாகத் தழைத்திருந்தது.

இப்போதும் போகிறேன். குழு மாறிவிட்டது, இதில் ஊர்க்காரர் யார் வந்தாலும் அன்றைய கூலி உண்டு, அந்தப் பணத்தை வெளியூரிலிருந்து வரும் நாங்கள்தான் போடுகிறோம். இது சரியான ஏற்பாடா என்று குழுவுக்குள்ளேயே சண்டை நடக்கிறது. காசு கொடுத்தால் தொண்டின் தூய்மை கெட்டுவிடும் என்று ஒருவர், காசு கொடுத்து நீங்கள் கங்காணி ஆகிறீர்கள் என்று இன்னொருவர். இரண்டாவது பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை. போன பிப்ரவரியில் புல் அறுத்துக் கோடு எடுக்கும் வேலைக்கு அம்மாவும் வந்தாள். முட்டி வலியோடு அரை நாள்தான் நின்றாள். கூலி வாங்கும்போது முழு நாளுக்குக் கேட்டாள், கொடுத்தோம். பிறகு என் கையுறையைக் கழற்றச் சொல்லிவிட்டு, அரிவாளைப் பிடிக்கும் இடத்தை மாற்றிக் காட்டினாள்.